கேட்பார் இல்லை என்னும் பேச்சு

மலையகத்தில் சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்பார் இல்லை என்னும் அபிப்பிராயத்தைக் கோயில் பரிபாலன சபையாரும் பல்கலைக்கழகத்தாரும், அச்சங்கீதத்தையே கற்றுத் தேறிய மலையகப் பிள்ளைகளுங்கூட விசாரணையின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதனை நான் முற்றாக மறுக்கிறேன். அது வெறும் எண்ணமாய் நின்றுவிட்டால் பேசாதிருக்கலாம். ஆனால் அதன் பேரால் நல்ல சாரீரங்கள் வீணாகின்றன.

மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்துப் பெண், பாடசாலையில் கர்நாடக சங்கீதத்தைப் பாடமாய் எடுத்து, தமிழ் மொழித் தினப் போட்டியில் பரிசு பெற்று, உயர்தரப் பரீட்சையிலும் செய்முறைத் தேர்விலும் தேறி, மருதனார்மடத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாயிருந்த பீடத்துக்கோ கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருஷம் குருவின் முன்னும் பரீட்சகர் முன்னும் பாடிப் பட்டம் பெறுகிறாள். பிறகு ஊர் திரும்பி, ஆசிரியையாகி, சிறுவர்க்குச் சரளிவரிசை சொல்லிக் கொடுக்கிறாள். அவள் பாடிய கச்சேரி எது என்று கேட்டால் விடையில்லை. சொந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஏன் பாடவில்லை என்றால், "நம்ம சனத்துக்கு இதெல்லாம் விளங்காதுங்க" என்கிறார்கள்.

விளங்காதா? மாசியில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றி, இரதி மன்மதன் கதையைப் பாட்டாகவே கேட்டு, பகலெல்லாம் கொழுந்தெடுத்த அலுப்போடு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனம் அல்லவா இது? அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துக்களைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்துவைத்தவர்கள் அல்லவா? கூத்துக்கு முன் தப்புக்காரரைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூடுபனியில் தொய்ந்துபோன தோலை அவர் தீயில் காட்டுகிறார், விரலால் தட்டுகிறார், மறுபடி காட்டுகிறார், நாதம் கணீரென்று எழும்வரை அடிக்கத் தொடங்குவதில்லை. "இன்னும் காயல" என்று பக்கத்தில் நிற்கும் சிறுவன் சொல்கிறான். அவனுக்கு ஸ்வரங்களின் பெயர் தெரியாது. ஆனால் நாதம் கூடியதையும் கூடாததையும் அறியும் செவி அவனுக்கு வாய்த்திருக்கிறது. அதே பனியில் சுருதி இறங்கிய மிருதங்கத்தை வித்துவான் கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சரிசெய்கையில், அச்சிறுவனைக் காட்டிலும் கவனமாய்ப் பார்க்கக்கூடிய ரசிகனை எந்தச் சபையில் போய்த் தேடுவது?

இன்னொரு சாட்சியும் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையாரும் தோட்டத் தொழிலாளரிடையே கிளர்ச்சி செய்தபோது, பிரசங்கத்தோடு பாட்டையும் கொண்டே சென்றார்கள். அம்மையாரின் பாட்டுக்கள் 1940இல் நூலாகவும் வந்தன. பாட்டைக் கேட்கும் பழக்கம் இங்கே புதிதாய் நடப்பட வேண்டியதன்று.

கேட்பார் இருந்தால்தான் மேடை என்பது முறையைத் தலைகீழாக்குவதாகும். தமிழ்நாட்டிலும் இப்படித்தான், தமிழில் உயர்ந்த சாகித்தியம் போதாது, சபை அதனை ஏற்காது என்று வித்துவான்கள் பலர் ஒரு காலத்தில் சாதித்தார்கள். அண்ணாமலை செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியை நிறுவினார். 1941இல் அங்கே தமிழிசை மகாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. மேடை கொடுக்கப்பட்டது, சபை வந்து சேர்ந்தது.

பூரணத் தேர்ச்சி வந்த பிறகே மாணவர் மேடையேற வேண்டும் என்று ஆசிரியர் சிலர் சொல்வதும் இதனோடு சேர்ந்த பிழையே. அவர்களுடைய சிரத்தையை நான் மதிக்கிறேன். ஆயினும், ஒலிபெருக்கி இரையும்போது சுருதியை விடாது பற்றுவதும், குழந்தை அழுதெழும் வேளையில் ஆலாபனையை எவ்வளவில் முடிப்பதென்று முகங்களைப் பார்த்தே தீர்மானிப்பதும், தனியாவர்த்தனம் முடியும்வரை கை தளராது தாளம் போட்டு, இடம் தவறாது பல்லவியை எடுப்பதும் அறைக்குள் எத்தனை வருஷம் அப்பியாசித்தாலும் வருவதில்லை. மேடையில் வர வேண்டிய தேர்ச்சியை மேடைக்கு முன்பே கேட்டால் அந்தப் பெண் எங்கே போவாள்?

பணம் இல்லை என்பார்கள். திருவிழாவில் பந்தலும் விளக்கும் ஒலிபெருக்கியும் எப்படியும் உண்டு. கொழும்பிலிருந்து வரும் சினிமாப் பாட்டுக் கோஷ்டிக்குத் தொழிலாளரிடம் தலைக்கு இவ்வளவென்று வரி பிரித்தே கொடுக்கிறோம். அக்கோஷ்டி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இளைஞர்க்கு அதுவும் இருக்கட்டும். அது மேடையேறுமுன் அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் போதும். பல்கலைக்கழகம் விடுமுறையில் ஒரு வயலினையும் மிருதங்கத்தையும் வழித்துணைக்கு ஓர் ஆசிரியரையும் அனுப்பட்டும். சாப்பாடும் தங்குமிடமும் தோட்டத்தார் பொறுப்பு. வருகிற திருவிழா விஞ்ஞாபனம் அச்சுக்குப் போகுமுன், கரகம் பாலிக்கும் நேரத்தையும் தேர் புறப்படும் நேரத்தையும் குறிக்கிற அதே தாளில், அந்தப் பெண்ணின் பெயரையும் அவள் பாடும் நேரத்தையும் கோயில் தலைவர் எழுதிக் கொடுக்கட்டும்.