பாட்டி வைத்தியத்தை ஏட்டில் ஏற்றுவோம்

உல்லாஸ்நகரின் முகாம்களிலும் தாராவியின் சந்துகளிலும் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால், வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகி, வெளியார் வரவைத் தவிர்த்து, தாளிதத்தின் வாசனைகூட எழாதபடி சமையலை அடக்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரையில் வேப்பிலைமீதே பிள்ளையைப் படுக்கவைக்கிற தமிழ்த் தாய்மாரை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று படித்தவர்கள் பரிகசிக்கிறார்கள். மாரியம்மனிடம் வைத்த பக்தியோடு, தொற்றுநோய் கண்டவரை ஒதுக்கி வைத்துக் காக்கும் விவேகமும் அந்தச் சம்பிரதாயத்தில் கலந்திருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இத்தகைய நம்பிக்கைகள் நமக்கு மட்டுமே உரியவை அல்ல. அயர்லாந்தின் கிராமங்களிலும் ஏழாவது மகனுக்குக் கைராசி உண்டென்றும், நோய் தீர்ப்பவர் காசு வாங்கலாகாதென்றும் நம்பி வந்தார்கள். நம்மூரில் காமாலைக்குப் பச்சிலை கொடுப்பவரும் காசு வாங்கினால் மருந்து பலிக்காது என்றே சொல்வார். ஆயின், அந்நாட்டார் செய்த அரும்பணி ஒன்றை நாம் செய்யவில்லை. 1937 முதல் 1939 வரை ஏறக்குறைய 5,000 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 பிள்ளைகள், வீட்டாரிடமும் ஊர் முதியோரிடமும் கேட்டறிந்த கைமருந்துகளையும் கதைகளையும் எழுதிக் கொடுக்க, அவற்றை அந்நாடு பொக்கிஷமாகப் பாதுகாத்து வருகிறது.

எழுதி வைப்பது கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதாகாது. சோதித்துப் பார்ப்பதற்கு அதுவே முதற்படி. காமாலைக்குத் தரப்படும் கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் ஆராய்ந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. ஆதலின், மழைக்காலத்தில் அசுத்த நீரால் காமாலை பரவுகையில், கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தகாது. கர்ப்பிணிப் பெண்ணின் விஷயத்தில் அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டவர்களின் குடும்பங்களில், பாட்டி அறிந்த பச்சிலையின் பெயர்கூடப் பேத்திக்குத் தெரியாத காலம் வந்துவிட்டது. மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மனம் வைத்தால், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, இன்ன நோய்க்கு இன்ன இலை, இன்ன பக்குவம், இன்ன பத்தியம் என்று ஒரு நோட்டில் எழுதி வரலாம். எந்த அறிகுறி கண்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதை ஒரு மருத்துவரைக் கொண்டு அதிலேயே எழுதுவிக்கலாம். மூத்தோரிடம் நமக்குள்ள மரியாதையும், பிள்ளைகளின் உயிர்மீது நமக்குள்ள அக்கறையும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதைக் காட்ட இதைவிட நல்ல மார்க்கம் இல்லை. வருகிற கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குவோமாக.