பவர் பேங்க் வாங்கப் போறீங்களா? பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீங்க!

இரவு 12 மணி. ரயில் விழுப்புரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் 6 சதவிகிதம்தான் சார்ஜ். டிக்கெட் அதில்தான் இருக்கிறது. காலையில் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டிய பணமும் அதில்தான். ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப்போகும் மாமாவின் நம்பரோ மனப்பாடமாகத் தெரியாது. அவசரமாக சார்ஜரைச் செருகினால், போனில் சார்ஜ் ஏறவில்லை. பாயின்ட்டில் பழுது எதுவும் இல்லை. தீ விபத்துகளைத் தவிர்க்க, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ரயில் பெட்டிகளில் சார்ஜிங் பாயின்ட்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவைக்கும் நடைமுறையை ரயில்வே 2021-லேயே அறிவித்துவிட்டது.

இப்படி ஓர் இரவைக் கடந்தவர்கள், ஊர் திரும்பியதும் செய்யும் முதல் வேலை பவர் பேங்க் வாங்குவது. அந்த அவசரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'சில நூறு ரூபாய்க்கு 50,000 எம்.ஏ.எச்!' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் கை தானாக ஆர்டர் பட்டனுக்குப் போய்விடுகிறது.

10,000 என்றால் 10,000 கிடைக்காது!

அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எம்.ஏ.எச் எண், உள்ளே இருக்கும் பேட்டரியின் கொள்ளளவு. அந்த பேட்டரி வேலை செய்வது சுமார் 3.7 வோல்ட்டில். போனுக்கு அனுப்பும்போது அதை 5 வோல்ட்டாகவோ அதற்கு மேலோ உயர்த்த வேண்டும். இந்த மாற்றத்தில் எண்ணும் குறையும். கொஞ்சம் மின்சாரம் சூடாகவும் வீணாகும். அதனால் 10,000 எம்.ஏ.எச் பவர் பேங்க்கில் 6,000 சொச்சம்தான் கைக்கு வரும். நல்ல தயாரிப்புகளில் இந்த எண்ணையும் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

நடைமுறைக் கணக்கு இது: 5,000 எம்.ஏ.எச் பேட்டரி உள்ள போனை, 10,000 எம்.ஏ.எச் பவர் பேங்க் ஒன்றரை முறை வரை முழுதாக சார்ஜ் செய்யும். 20,000 என்றால் சுமார் மூன்று முறை. ஒருவர் ஓர் இரவுப் பயணம் போக 10,000 தாராளம். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாக ராமேஸ்வரமோ காசியோ போகிறீர்கள் என்றால் 20,000 வாங்கலாம்.

கையில் தூக்கிப் பாருங்கள்

போலியைக் கண்டுபிடிக்க எளிய வழி எடை. லித்தியம் பேட்டரி கனமானது. 10,000 எம்.ஏ.எச் பவர் பேங்க் ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். 20,000 என்றால் 350 முதல் 450 கிராம் வரை வரும். 20,000 என்று சொல்லிக்கொண்டு பஞ்சுபோல லேசாக இருந்தால், எண் பெரிதாக இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை என்று அர்த்தம்.

அடுத்தது, பி.ஐ.எஸ் முத்திரை. இந்தியாவில் விற்கும் பவர் பேங்க்குகளுக்கு இந்தப் பதிவு கட்டாயம். முத்திரையோடு, 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் என்பதால், அந்த எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் பெயரில், எந்தப் பொருளுக்காகப் பதிவாகியிருக்கிறது என்று வந்துவிடும். ஒரு நிமிட வேலைதான்.

ஏறும் வேகத்தையும் கேளுங்கள்

போனுக்கு எவ்வளவு வேகமாக சார்ஜ் ஏற்றும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பவர் பேங்க்கே எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. 20,000 எம்.ஏ.எச் பவர் பேங்க்கை 10 வாட்டில் சார்ஜ் செய்தால் 8 முதல் 10 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்கு லாட்ஜுக்கு வந்து, விடியற்காலை 5 மணிக்கு தரிசனத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது போதாது. 'இன்புட்' என்ற இடத்தில் 18 வாட் அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரும் அந்த வேகம் தருவதாக இருக்க வேண்டும்.

வீட்டில் தாத்தா இன்னும் பட்டன் போன் வைத்திருந்தால், அதற்கான பழைய வகை மைக்ரோ யு.எஸ்.பி ஒயரையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தொலைந்துபோனால் அவரை அழைக்க அந்த போன்தான் இருக்கிறது.

விமானத்தில் போகிறவர்களுக்கு...

விமானத்தில் எம்.ஏ.எச் கணக்கு கிடையாது. வாட் அவர் கணக்குதான். எம்.ஏ.எச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். 20,000 எம்.ஏ.எச் என்றால் 74 வாட் அவர். பொதுவாக 100 வரை அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் அனுமதி இல்லை. இப்போது அந்த 50,000 எம்.ஏ.எச் விளம்பரத்துக்கு வருவோம். கணக்குப் போட்டால் 185 வாட் அவர். அந்த எண் உண்மை என்றால் விமானத்தில் ஏற்ற முடியாது. பொய் என்றால் கொடுத்த பணம் போச்சு!

பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் எடுத்துச்செல்ல வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று, தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படத் தயாராக நின்றபோது, தலைக்கு மேலே உள்ள பெட்டி வைக்கும் இடத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். பவர் பேங்க்கின் உட்பகுதியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அதன்பிறகு பல நாடுகளில் விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை விதித்துவிட்டன. அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே போனை முழுதாக சார்ஜ் செய்துகொள்ளுங்கள். பவர் பேங்க்கை, கண்ணில் படும்படி முன் சீட்டின் அடியிலோ சீட் பையிலோ வையுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* ரயிலில் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டபடி தூங்காதீர்கள். சூடு வெளியேற வழி இருக்காது.
* வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.
* உப்பியிருந்தாலோ, கீழே விழுந்து நசுங்கியிருந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சுட்டாலோ அன்றோடு நிறுத்திவிடுங்கள். 'இன்னும் சார்ஜ் ஏறுதே' என்று வைத்திருப்பது, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்கிற கதைதான்.
* பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கியதை நேராகப் பயணத்துக்கு எடுத்துப்போகாமல், ஒருமுறை வீட்டிலேயே முழுதாக சார்ஜ் செய்து, போனுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் இதைச் செய்வது நல்லது.

இன்னொன்று. டிக்கெட்டின் பி.என்.ஆர் எண்ணையும், வீட்டில் இரண்டு பேரின் போன் நம்பரையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, ஆட்டோவுக்கு ஆகும் சில்லறையோடு பர்சில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைவிட்டாலும், அந்தச் சீட்டைக் காட்டி பக்கத்து சீட்காரரின் போனிலிருந்து மாமாவை அழைத்துவிடலாம்.