கை மாறிய கார், மாறாத பெயர்

பழைய கார் வாங்கப் புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்கின்றன. அவரும் தம் கடமையைச் செவ்வனே செய்கிறார். பானெட்டைத் திறந்து, என்ஜின் ஆயில் மூடியைக் கழற்றி, அதன் அடியில் வெண்ணிறக் குழம்பு படிந்துள்ளதா என்று பார்க்கிறார். கதவு இடுக்குகள் இருபுறமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று விரலால் தடவி அறிகிறார். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படிக்கிறார். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உருவான டயர். மீட்டர் 40,000 கிலோமீட்டர் என்று காட்ட, பிரேக் மிதியின் ரப்பரோ வழுவழுவெனத் தேய்ந்திருந்தால் அவருக்கு ஐயம் எழுகிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பவர் இன்னும் கெட்டிக்காரர். 2015இல் சென்னையிலும் 2018இல் கேரளத்திலும் வெள்ளத்தில் மூழ்கியவற்றைப் போன்ற வண்டிகளை எவ்வளவு பாலிஷ் செய்தாலும், பெல்ட்டின் உட்பகுதியில் சேற்றுக் கோடு மறையாமல் நின்றுவிடுவது உண்டு.

இத்தனை கவனமும் இரும்புக்கும் ரப்பருக்கும் கிடைக்கிறது. காகிதங்களின் முறை வரும்போது எல்லாரும் களைத்துவிடுகிறார்கள். படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் விற்பவர் கையெழுத்திடுகிறார். வாங்குபவரின் பெயருக்கும் தேதிக்குமான இடங்கள் வெறுமையாகவே விடப்படுகின்றன. பணம் கை மாறுகிறது, சாவி கை மாறுகிறது, இனிப்பும் வழங்கப்படுகிறது. பெயர் மட்டும் மாறுவதில்லை. "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சார்" என்னும் தரகரின் ஒரு சொல்லில் வாரங்கள் மாதங்களாகி, மாதங்கள் ஆண்டுகளாகின்றன.

நாட்டின் எந்த மூலையிலும் காணக்கூடிய இந்தப் பழக்கத்தை, கார் உடைமை சார்ந்த தொல்லைகளுள் மிக ஆபத்தானது என்றே நாம் கருதுகிறோம். பழுதான கிளட்சுக்குச் செலவு என்னவென்று பட்டறையில் கேட்டு அறிந்துகொள்ளலாம். மாற்றப்படாத பெயருக்கு நேரும் செலவை முன்கூட்டி எவராலும் சொல்ல இயலாது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. எவர் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டி வேறு மாநிலத்துக்குச் செல்லுமானால் விற்பவருக்கு 45 நாள்கள் அவகாசம் உண்டு. உரிய தடையின்மைச் சான்றும் பெற்றாக வேண்டும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன நேரும் என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கில் தீர்ப்பாகவே சொன்னது. அந்தக் கார் விற்கப்பட்டு, அடுத்தடுத்துப் பல கைகள் மாறியிருந்தது. பதிவு மட்டும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. விபத்து நேர்ந்தபோது, வண்டி தம்மிடம் இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். ஆயினும் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அவரே, ஆகவே இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பாதிக்கப்பட்டவர் கைமாறிய கைகளையெல்லாம் துரத்திக்கொண்டு அலையக் கூடாது என்பதே அதன் அடிப்படை. நியாயமான தீர்ப்பு என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், என்றோ விற்று மறந்த வண்டிக்காக, அதுவும் காப்பீடு காலாவதியான வண்டிக்காக, ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து இழப்பீடு கட்ட நேர்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வெற்றுப் படிவத்தைத் தரகர்கள் விரும்புவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பதிவுச் சான்றில் உரிமையாளர் எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் வண்டியின் விலை இறங்கும்; கட்டணமும் அலைச்சலும் வேறு. எனவே கடைசியாக வாங்குபவர் கிடைக்கும் வரை கையெழுத்திட்ட தாள்கள் மேசை விட்டு மேசை பயணம் செய்கின்றன. இதற்கு ஒரு வழி 2023 ஏப்ரல் முதலே நடைமுறைக்கு வந்துள்ளது. அங்கீகாரச் சான்று பெற்ற பழைய வாகன வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து, அந்த ஒப்படைப்பை இணையத்தில் பதிவு செய்துவிட்டால், அதன் பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்று உள்ளதா என்று கேட்டதும் பேச்சை மாற்றும் வணிகரிடம், விலை பத்தாயிரம் கூடுதலாகக் கிடைத்தாலும், விற்க வேண்டாம் என்பதே நம் கருத்து. தனி மனிதருக்கு விற்பதாயின், பேசிய தொகையில் ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகே கொடுப்பது என்று இருவரும் எழுதிக்கொள்வது நல்லது. முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தைத்தான் தரகர்கள் நம்பியிருக்கிறார்கள்.

கடனில் வாங்கிய வண்டி என்றால் இன்னொரு முடிச்சும் சேர்கிறது. கடைசித் தவணை கழிந்ததும் வண்டி முழுவதும் தமதாகிவிட்டது என்று நம்மில் பலர் நிம்மதி கொள்கிறோம். பதிவுச் சான்றில் வங்கியின் பெயரிலுள்ள ஹைப்பாதிகேஷன் குறிப்பு தானாக அழிந்துவிடாது. வங்கி தரும் தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் கொண்டு அதை நீக்கிக்கொள்ள வேண்டும். கடன் முடிந்த 30 நாள்களுக்குள், அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான பொறுப்புகளை நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் அறிவுறுத்தியது. கடன் கொடுத்த நிறுவனத்தால் தாமதம் ஏற்பட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். இது வாடிக்கையாளரின் உரிமை. கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டாம். சான்று கைக்கு வந்த பின் அதை அலமாரியில் பூட்டி வைப்பதிலும் பொருளில்லை. அதற்குக் குறுகிய காலச் செல்லுபடி உண்டு. வண்டியை விற்கும் நாளில் எடுத்துப் பார்த்தால் அது காலாவதியாகியிருக்கும். வாங்க வந்தவர் வேறு வண்டி தேடிப் போயிருப்பார்.

இதைவிட வருத்தம் தருவது, "மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன், வண்டியைக் கொடுத்துவிடுங்கள்" என்னும் வாய்மொழி ஏற்பாடு. உறவினர்களுக்கிடையிலும் உடன் பணிபுரிவோருக்கிடையிலும் இது மிகுதி. வங்கியைப் பொறுத்தவரை கடன் வாங்கியவர் ஒருவரே. புதியவர் மூன்று மாதம் கட்டாமல் இருந்தால் சரிவது பழையவரின் கடன் மதிப்பெண். புதியவர் ஒழுங்காகக் கட்டிவந்தாலும் அவருக்கும் பாதுகாப்பு இல்லை. எத்தனை தவணை கட்டியிருந்தாலும் வண்டியில் அவருக்குப் பதிவான உரிமை ஏதும் கிடையாது; பழையவர் ஒரு நாள் மனம் மாறினால் அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. கடனை முறையாக அடைத்துவிட்டு விற்கலாம். அல்லது வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறலாம். நட்பின் பேரில் இவற்றைத் தவிர்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த நட்பையும் இழக்கிறார்கள்.

காப்பீட்டில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. வண்டி கை மாறும்போது மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு சட்டப்படியே புதியவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அவ்வாறு மாறாது. 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதவர், மோதி நசுங்கிய வண்டியை முழுவதும் தம் செலவிலேயே சரிசெய்ய நேரும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் பதிவான உரிமையாளருக்கே உரியது. பிறர் பெயரிலுள்ள காரைச் சொந்தக் கார் என்று எண்ணி ஓட்டுபவரின் குடும்பம் இதை அறிந்திருக்க வேண்டும். விற்பவருக்கோ இங்கே ஓர் ஆதாயம் உண்டு. நோ கிளெய்ம் போனஸ் வண்டியைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்கு அது 50 சதவீதம் வரை இருக்கும். விற்றதும் அதற்குரிய சான்றைக் கேட்டு வாங்கினால் புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். பலர் இதை வண்டியோடு விட்டுவிடுகிறார்கள்.

ஃபாஸ்டேக் சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடலாம். கண்ணாடியில் ஒட்டிய அட்டை, விற்றவரின் கணக்கோடு பிணைந்தது. அதை முடக்காமல் வண்டியைக் கொடுத்தால், எங்கோ ஒரு சுங்கச்சாவடியில் புதியவர் கடந்து செல்லும்போதெல்லாம் குறுஞ்செய்தி இங்கே வரும்.

உரிமையாளர் மறைந்துவிட்ட வீடுகளில் இந்தத் தாள் வேலை மேலும் தள்ளிப் போகிறது. அப்பாவின் கார் என்ற உணர்வில், அவர் பெயரை அழிக்கவே மனம் வருவதில்லை. விதிகளோ 30 நாள்களுக்குள் இறப்பைத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு மாற்றச் சொல்கின்றன. 2021 முதல், பதிவுச் சான்றிலேயே நியமனதாரர் பெயரைச் சேர்க்கும் வசதி உள்ளது. வங்கிக் கணக்குக்கு நியமனதாரரைக் குறிக்கும் நாம் காருக்கும் அதைச் செய்துவைத்தால், துக்க வீட்டில் ஓர் அலைச்சல் குறையும்.

முன்பு எப்போதோ கார் அல்லது ஸ்கூட்டர் விற்றவர்கள், அரசின் பரிவாஹன் தளத்தில் அந்த வண்டி எண்ணை இட்டுப் பார்க்கலாம். பெயரின் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருந்தாலும், அது தம்முடையதா என்று கண்டறியப் போதுமான குறிப்பு இருக்கும். இன்னும் தம் பெயரே நின்றால், விற்பனைக் கடிதம், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வாங்கியவரின் முகவரி ஆகியவற்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு பெற்று வைக்க வேண்டும். பழைய கணக்கு விவரம் கைவசம் இல்லாதவர்கள் தம் வங்கிக் கிளையில் எழுதிக் கேட்கலாம்.