பேஸ்புக் பக்கம் இருக்கிறதே, வெப்சைட் எதற்கு?



பாமன்கடையில் எங்கள் லேனில் ஒரு தாத்தா வீட்டிலிருந்தே சமோசா, பற்றிஸ், வட்டிலப்பம் செய்து விற்கிறார். ஓடர் எல்லாம் ஒரு சமூக ஊடகப் பக்கத்தின் ஊடாகத்தான் வரும். நோன்புக்கு முந்திய கிழமை அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டை யாரோ களவெடுத்துவிட்டார்கள். படங்கள், விலைகள், ஐந்து வருடமாக வாடிக்கையாளர்கள் எழுதிய நல்ல வார்த்தைகள் எல்லாம் ஒரே இரவில் போய்விட்டன. "சேர், என்ட கடையையே களவெடுத்துட்டாங்க" என்று அழுதார்.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். எவ்வளவு சிறிய வியாபாரமாக இருந்தாலும், சொந்தப் பெயரில் ஒரு பக்க வெப்சைட்டாவது இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு இலட்சக்கணக்கில் பணமோ கம்பியூட்டர் படிப்போ தேவையில்லை.

பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே நாம் கடை போட்டிருப்பது இன்னொருவரின் காணியில். அந்தக் காணியின் கேட் நம் நாட்டில் எத்தனை தடவை மூடப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது ஒரு வாரமளவு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த மாத முடிவு வரை. மே 13ஆம் திகதி, நம்மவர்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்ட நேரத்தில், மீண்டும். அது நோன்பு காலம். 2022 ஏப்ரல் 3இல் 15 மணித்தியாலமளவு. அரசாங்கத் தடை எதுவும் இல்லாத 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி கூட பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஆறு மணித்தியாலமளவு நின்றுபோயின. அப்போதெல்லாம் சாதாரண வெப்சைட்டுகள் பெரும்பாலும் வழமைபோல் திறந்தன.

"இலவசமாக ஒரு வெப்சைட் எடுத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். கூகுள் பிஸ்னஸ் ப்ரொஃபைலோடு சேர்த்து இலவச வெப்சைட் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் அவற்றை மூடிவிட்டார்கள். அந்த முகவரியை விசிட்டிங் காட்டில் அச்சடித்தவர்களின் நிலை என்ன?

ஆகவே முதலில் வாங்க வேண்டியது பெயர், அதாவது டொமைன். டொட் கொம் எடுக்கலாம். நம் நாட்டின் டொட் எல்கே 1990 முதல் இருக்கிறது. தமிழ் எழுத்திலேயே டொட் இலங்கை என்ற முடிவும் 2010இல் நமக்குக் கிடைத்தது. வருடாவருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். பெயர் உங்களுடையதாக இருந்தால், பக்கம் செய்துகொடுத்த நிறுவனம் நாளை மூடினாலும் வேறு இடத்தில் பக்கத்தை வைத்து அதே முகவரியைக் கொடுக்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. டிசைனர் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தால், டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் ஈமெயிலிலும் பதியப்பட்டதா என்று பாருங்கள். அவர் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தால், நாளை மனஸ்தாபம் வரும்போது பூட்டும் சாவியும் அவர் கையில்.

பிறகு பக்கம். தாத்தாவின் மகன் ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருந்தான். இஷாவுக்குப் பிறகு நானும் அவனும் உட்கார்ந்தோம். கூகுள் சைட்ஸில் இலவசமாகவே செய்தோம். பதினொரு மணிக்கு முன் வேலை முடிந்தது. ஒரே பக்கம்தான். என்ன செய்கிறோம், என்ன விலை, எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும், எந்த நாளில் ஓடர் இல்லை, எப்படித் தொடர்புகொள்வது. வாடிக்கையாளருக்கு இவ்வளவு போதும். அசையும் படங்களும் பாட்டும் வேண்டாம். டேட்டா கார்ட் போட்டு போனில் பார்ப்பவர்தான் நம் வாடிக்கையாளர்.

நாங்கள் விட்ட பிழைகளையும் சொல்கிறேன். விலைப்பட்டியலை முதலில் போட்டோவாகப் போட்டோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடலில் கண்டுபிடிப்பது கஷ்டம். எழுத்தாகவே தட்டச்சு செய்ய வேண்டும். தமிழைப் பாமினியில் அடித்து ஒட்டியபோது புரியாத எழுத்துகளாக வந்தது. யூனிகோடில் அடித்த பிறகே சரியானது. பாமன்கடையில் பக்கத்து வீட்டார் சிங்களவர், அடுத்த வீட்டார் தமிழர். ஆகவே மூன்று மொழியிலும் இரண்டிரண்டு வரியாவது போட்டோம்.

வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் சகோதரிகள் வீட்டு இலக்கத்தைப் போட வேண்டாம். "பாமன்கடை, கொழும்பு 6" போதும். வியாபாரத்துக்கென்று தனி சிம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இணையத்தில் கிடைத்த யாரோ சமைத்த பிரியாணியின் படத்தை எடுத்து நம்முடையதென்று போடாதீர்கள். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் நம் அடுப்படியில் எடுத்த படமே நல்லது.

"வட்ஸ்அப்பில் எல்லாரும் இருக்காங்க, வெப்சைட்டை யாரு பாக்கப் போறாங்க?" என்று தாத்தாவும் கேட்டார். வட்ஸ்அப்பில் இருப்பவர்கள் ஏற்கெனவே நம் நம்பர் தெரிந்தவர்கள். நம்பர் தெரியாத ஒருவர், புதிதாக வெள்ளவத்தைக்குக் குடிவந்தவரோ வெளிநாட்டிலிருந்து உம்மாவுக்குச் சாப்பாடு அனுப்ப நினைப்பவரோ, கூகுளில்தான் தேடுவார். கூகுள் மெப்பிலும் வியாபாரத்தை இலவசமாகப் பதியலாம். அதில் வெப்சைட் முகவரியைக் கொடுக்கும்போது பார்ப்பவருக்கு ஒரு நம்பிக்கை வரும். வெப்சைட் போட்ட அடுத்த நாளே ஓடர் குவியும் என்று நான் சொல்லமாட்டேன். தாத்தாவுக்கும் குவியவில்லை. ஆனால் பழைய வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க இப்போது அவரிடம் ஒரு முகவரி இருக்கிறது. அதை எந்தப் பாஸ்வேர்ட் கள்ளனும் இலேசில் கொண்டுபோக முடியாதபடி இரண்டு கட்டப் பாதுகாப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் பரீட்சை எழுதிவிட்டு போனோடு படுத்திருக்கும் பிள்ளை இருக்கும். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படித்த பிள்ளை. ஏசிக்கொண்டிருக்காமல், பக்கத்து வீட்டுச் சாச்சியின் தையல் கடைக்கோ மாமாவின் ஹார்ட்வெயாருக்கோ ஒரு பக்கம் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது முதல் வேலை. அவர்களுக்கு அது சொந்தக் கடைப் பலகை.

அல்லாஹ் நம் எல்லோருடைய வியாபாரத்திலும் பரகத் செய்வானாக.

செய்து பார்த்து எங்காவது சிக்கினால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.