மறதி நோயாளிக்கும் இடம் வேண்டும்

"பெரியவருக்குப் புத்தி மாறிப்போச்சு, வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அப்படியல்ல, தோழர்களே. இது மூளையைத் தாக்கும் நோய். 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இது இருக்கக்கூடும் என்று தெரிந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவர்!

எல்லாரும் விடியற்காலையில் வேலைக்குப் போய்விட்டால், அடுப்பைப் பற்றவைத்து மறந்துவிடுபவரை யார் பார்ப்பது? செராசில் அரசாங்கத்தின் ருமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறது. ஆனால் உற்றார் இல்லாதவராகவும், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவராகவும் இருக்க வேண்டும். மறதி முற்றியவருக்கு அது ஆகுமா? கோல குபு பாருவில் நோயாளிகளுக்கான ருமா ஏசான் உண்டு, அதுவும் ஆதரவற்றவருக்கே. 2025 பட்ஜெட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 600 வெள்ளியானது. நல்லதுதான், ஆனால் இரவு பகலாக ஆள் வைத்துப் பார்க்க அது காணாது.

மலிவான இடம் தேடிப் போனால், கட்டிலில் கட்டிப்போடுகிற இல்லத்தில் சேர்த்துவிடும் ஆபத்தும் உண்டு. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பராமரிப்பு இல்லங்கள் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். சேர்க்குமுன் அந்தப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

சங்கம் கேட்க வேண்டியது இதுதான்: பிள்ளைகள் இருந்தாலும், வசதியில்லாத நோயாளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பதிவு பெற்ற இல்லத்துக்கு அரசாங்கம் பணம் கட்டட்டும். அந்தப் பணத்தை வாங்கும் இல்லம் பயிற்சி பெற்ற ஆட்களை வைக்கட்டும். முன்கூட்டிச் சொல்லாமல் சோதனை நடக்கட்டும்.

உழைத்து ஓய்ந்தவர்கள் தங்களுக்காகப் பேச முடியாத நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம்தான் பேச வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டு வாருங்கள்.