கோடு எழும்பவில்லை, ஆனாலும் மாரடைப்பு!

நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு டாக்டர்கள் முதலில் எடுப்பது இ.சி.ஜி. படம். அதில் ஒரு கோடு மேலே தூக்கி நின்றால், இதயக் குழாய் அடைத்துவிட்டது என்று அறிந்து, உடனே அடைப்பை நீக்குவார்கள்.

கோடு தூக்காவிட்டால்? அங்கேதான் ஆபத்து!

நெதர்லாந்து டாக்டர் டி வின்டர் 2008-ம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். இதயத்தின் முன்பக்கத்தில் மாரடைப்பு கண்ட 1,532 பேரின் படங்களில், 30 பேருக்குக் கோடு எழும்பவே இல்லை. கீழே இறங்கி, அங்கிருந்து சரிவாக ஏறி, உயரமான அலையாக முடிந்தது. ஆனால் பெரிய குழாய் அடைத்திருந்தது!

நூற்றுக்கு 2 பேர்தானே என்று தள்ளலாமா? அவர்களைக் காக்க வைத்தால் இதயத் தசை செத்துக்கொண்டே போகும். 2022-ல் அமெரிக்க இதயநோய் வல்லுநர்கள் இந்த அடையாளத்தையும் கோடு எழும்பியதற்குச் சமம் என்று ஏற்றார்கள். காலம் கடந்த ஏற்புதான்!

முதல் படம் நன்றாக இருந்தும் வலி நிற்கவில்லையா? மறுபடியும் படம் எடுக்க வேண்டும்.