மேம்பாடு என்னும் பெயரில்

விண்டோசு 10 இயங்குதளத்தைப் பேணுவதை மைக்ரோசாப்டு நிறுவனம் 2025 அக்தோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. செங்கற்பட்டின் சிற்றச்சகங்களும் இனி 11-ஆம் பதிப்புக்கு மாறியே ஆகவேண்டிய நெருக்கடி! மாறியவர்கள், சாளரத்தின் மூலைகள் வளைந்துள்ளன, அடிப்பட்டையின் குறிகள் நடுவுக்கு வந்துவிட்டன என்று மகிழ்கின்றனர். யானும் பக்க வடிவமைப்பால் வயிறு வளர்ப்பவனே, அவ்வழகை மறுக்கவில்லை. ஆனால், வடிவமைப்பாளன் முதலிற் பார்க்கவேண்டியது மூலையையா, எழுத்தையா?

விண்டோசு 2000-இல் தமிழுக்கு 'லதா' எழுத்துரு வந்தது. 2009-இல் 'விசயா', 2012-இல் 'நிர்மலா'. (தமிழெழுத்துக்குச் சூட்டத் தமிழ்ப்பெயரே கிட்டவில்லை போலும்! மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் தாம் வரைந்ததற்கு 'இணைமதி' என்று பெயரிட்டார்; ஆப்பிள் நிறுவனம் அப்பெயரோடேயே அதை ஏற்றுக்கொண்டது.) 2015-இல் விண்டோசு 10 வந்தபோது லதாவும் விசயாவும் 'வேண்டுவோர் பெறுக' என்னும் துணைக்கூறாகத் தள்ளப்பட்டன. மொழிப்பட்டியலில் தமிழைச் சேர்த்தாலன்றி அவை புதுக் கணிப்பொறிக்குள் தாமே வாரா. லதாவில் அமைத்த நூலை அங்கே திறந்தால் வேறோர் எழுத்துரு வந்து அமர்ந்துகொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், பக்கம் புரளும், பொருளடக்கம் பொய்க்கும்.

இரண்டு சொடுக்கில் வரவழைக்கலாமே என்பீர்கள். வரவழைக்கலாம். ஆங்கிலத்தான் தன் 'டைம்சு' எழுத்தை இப்படி இரந்து பெறுகின்றானா?

அயலானை மட்டும் சாடிப் பயனில்லை. ஒருங்குறி பரவுமுன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைத் திணித்து, ஆளுக்கொரு குறியீடு வகுத்தவர் நாமே. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் அக்கோப்புகள் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாகவே தோன்றும். தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பின்னும் பழைய குறியீட்டையே கட்டி அழும் அச்சகங்கள் எத்தனை!

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் சென்று பாருங்கள். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மணலை அரித்தபோது பாறையில் தமிழ்க் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை சுட்டிய முருகன் கோயிலைத் தொல்லியலார் அடுத்த ஆண்டே அகழ்ந்து கண்டனர். பல நூற்றாண்டு மணலுக்கடியிற் கிடந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. இருபதாண்டுக்கு முன் நாம் அமைத்த நூலைப் படிக்க முடியவில்லை! கல் வேறு, கணிப்பொறி வேறு என்று நழுவவேண்டா. அன்று வெட்டியவன் ஊரறிந்த எழுத்தில் வெட்டினான். நாம் விற்பனையாளன் ஒருவனே அறிந்த குறியீட்டில் எழுதினோம்.

அச்சகத்தீர்! புதுப்பதிப்புக்கு மாறுமுன், பழைய பொறி இயங்கும்போதே, கோப்புகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். அச்சான வடிவத்தில் ஒரு படியும் எடுத்து வையுங்கள். மாற்றித் தரும் செயலிகள் விலையின்றியே கிடைக்கின்றன. ஒற்றும் கொம்பும் இடம் மாறியுள்ளனவா என்று மெய்ப்புப் பார்க்கத் தமிழறிந்த ஒருவரை அமர்த்துங்கள். அவருக்குக் கூலியும் கொடுங்கள்.